வாசலிலேயே நிறுத்துங்கள்

வாசலிலேயே நிறுத்துங்கள் என்று நான் ஏன் சொன்னேன் என்பது எனக்கே விளங்கவில்லை. பைக் கிளம்ப மறுக்கிறது, பெட்டி வண்டியில்தான் வர வேண்டியிருக்கிறது, தெருமுனை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வந்துவிடுகிறேன் என்று பூதலிங்கம் தொலைபேசியில் சொன்னார். அந்தக் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. அதைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. மறைத்து வைப்பதற்கு அது என்ன களவாடிய பொருளா, நேர்மையான தொழில்தானே, வாசலிலேயே நிறுத்துங்கள் என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என்னை டீச்சர் என்று அழைப்பவர் உலகில் அவர் ஒருவர்தான். பிறகு வழக்கம்போல் எதுவும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டார். நான் ஜன்னலருகே வந்து நின்றேன், நின்றதிலிருந்து என் உள்ளங்கை ஈரமாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையில் அந்த வெள்ளைக் குட்டி யானை வண்டியை அறியாதவர்கள் உண்டா? பக்கவாட்டில் நீல எழுத்தில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு, அதற்குக் கீழே மஞ்சளாக ஒரு குத்துவிளக்கு, அதற்கும் கீழே இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அது தெருவில் திரும்பினால் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் மட்டையைத் தாழ்த்துவார்கள். அது ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்துவிட்டது என்று பொருள், வேறு பொருளே கிடையாது. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு என் அப்பா உறங்கிக்கொண்டிருக்கும் வீட்டின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பெண் கேட்பதற்கு.

அப்பாவின் குறட்டை நடுக்கூடத்தைத் தாண்டி இங்குவரை கேட்கிறது. கேட்கிறவரை நல்லது. ரயில்வேயில் கொடி காட்டும் கார்டாக இருந்தவர், உறக்கத்திலும் ஓர் ஒழுங்கு வைத்திருப்பார்: நீளமாக ஒன்று, பிறகு ஓர் இடைவெளி, பிறகு இரண்டு குட்டையாக. அந்த இடைவெளிதான் என்னைக் கொல்கிறது. இடைவெளி வரும்போதெல்லாம் நானும் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன், அவர் விட்டதும் விடுகிறேன். இது முட்டாள்தனம் என்பதும் எனக்குத் தெரிகிறது. உறங்கும் மனிதனின் மூச்சு சீரற்றுத்தான் இருக்கும், ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் என்னைவிட வேகமாக மாடியேறுகிறார், டாக்டரே சொன்னார், இனிமேல் உங்கள் கவலைதான் இவருக்கு நோய் என்று. எல்லாம் தெரிகிறது. தெரிந்துகொண்டே நிற்கிறேன். சமையலறையில் அம்மா முறுக்கை டப்பாவிலிருந்து தட்டுக்கு மாற்றுகிறாள், ஒடிந்தவற்றைத் தனியாக ஒதுக்குகிறாள். வரப்போகிறவர் செய்யும் தொழில் இன்னதென்று சென்ற வாரமே அம்மாவிடம் ஒளிவில்லாமல் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சற்றுமுன் போய்க் கேட்டேன், அப்பாவிடம் சொல்லியாயிற்றா என்று. "சொல்லணும்னுதாம்ளா இருந்தேன். மொத நாளு அவருக்குப் பிரஷர் மாத்திரை தீந்து போச்சு. மறுநாளு உங்க சித்தப்பா வந்துட்டாரு. இன்னைக்குச் சாப்பிட்டதும் சொல்லலாம்னு பாத்தேன், தூங்கிட்டாரு." "ஏதாவது ஒரு வார்த்தையாவது சொன்னாயா?" "ஐஸு சம்பந்தமான தொழிலுன்னு சொல்லி வச்சிருக்கேன்." "ஐஸ்கிரீம் வியாபாரம் என்று நினைத்திருப்பார், அம்மா." "நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு. நல்ல நெனப்புத்தான?" என்று சொல்லிவிட்டு ஒடிந்த முறுக்கு ஒன்றை என் வாயில் வைத்தாள். அது இன்னும் கரையாமல் கிடக்கிறது.

ஐஸ்கிரீம். நானும்தான் அவரை வேறு என்னவோ என்று நினைத்தேன். ஏப்ரல் மாதம், எங்கள் துறையில் வேலை பார்க்கும் ராஜலட்சுமியின் மாமனார் இறந்திருந்தார். கூடத்தில் முழு ஊரும் உட்கார்ந்திருந்தது, மின்விசிறி வெப்பத்தைத்தான் கடைந்துகொண்டிருந்தது, எனக்கோ பெட்டியை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. பட்டுப் புடவை உடுத்திக்கொண்டு போகக் கூடாது என்று கெட்டிப் பருத்தி உடுத்தியிருந்தேன், அது முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்தேன். குளிர்ச்சி. உள்ளங்கையிலிருந்து தோள்வரை ஏறியது. வெட்கத்தோடுதான் வைத்திருந்தேன், ஆனால் எடுக்கவில்லை. தலை தாழ்ந்திருந்தது, கண்ணில் வியர்வை இறங்கி எரிந்ததால் நீர் கசிந்தது. அப்போது ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி, செருப்பில்லாத கால். பெட்டியடியில் குனிந்து என்னவோ பார்த்தார், துணியால் தரையில் வடிந்த நீரைத் துடைத்தார், அந்த வீட்டுப் பெரியவர்களிடம் மெல்லிய குரலில் விளக்கு எங்கே, மாலை எங்கே என்று ஏற்பாடு செய்தார். மூத்த மருமகன் என்று முடிவுகட்டினேன். மாமனார் கிடக்கிறார், இவர் முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லையே, சொத்துக் கணக்கு ஓடுகிறது போலும் என்று வெறுத்தேன். திடீரென்று என்னருகே குந்தி ஒரு டம்ளர் நீரை நீட்டினார். "கொஞ்சம் குடிங்கம்மா. நல்லா வாழ்ந்து போயிருக்காங்க. நீங்க தெம்பா இருந்தாத்தான் மத்தவங்களும் இருப்பாங்க." முன்பின் தெரியாத பெண்ணோடு இழவு வீட்டில் பேச்சுக் கொடுக்கும் மருமகன். நான் அவரைப் பார்த்த பார்வையில் நீர் கொதித்திருக்க வேண்டும். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாலையில் பார்க்கும்போது ஆளில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருந்தார். துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லைதான், ஆனால் வீட்டு மருமகனுமா என்று அதற்கும் ஒரு குற்றம் எழுதிக்கொண்டேன்.

குறட்டை நின்றது. நின்றுவிட்டது. இல்லை, இதோ இரண்டு குட்டை. தெருவில் ஏதோ வண்டி, இல்லை, தண்ணீர் கேன் போடுகிறவன். நான் கதவில் கை வைத்தேனா, எப்போது வைத்தேன்? அந்த இழவுக்கு மூன்றாம் நாள் அந்த மனிதர் கல்லூரிக்கே வந்தார். என் மூக்குக் கண்ணாடியைக் கூட்டோடு பெட்டியின் மேல் மறந்துவிட்டு வந்திருக்கிறேன், கூட்டின் உள்ளே ஒட்டியிருந்த தாளில் கல்லூரியின் பெயரும் துறையின் பெயரும் இருந்திருக்கின்றன. நடைக்கூடத்தில், ஆய்வகத்துக்குப் போகும் மாணவிகள் நடுவே, இரண்டு கையாலும் அந்தக் கூட்டை நீட்டிக்கொண்டு நின்றார். "அப்பா பெட்டி மேல வச்சிட்டுப் போயிட்டீங்க மேடம். இப்ப மனசு எப்படி இருக்கு?" "யாருடைய அப்பா? என் அப்பா உயிரோடு வீட்டில் இருக்கிறார்." அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை நான் கண்ணால் கண்டேன். "நீங்க அவுக மகள் இல்லையா?" "நான் அவருடைய மருமகளோடு வேலை பார்ப்பவள். நீங்கள்தான் அவருடைய மருமகன்." "நானா? நான் பெட்டிக்காரன் மேடம்." பிறகு அவர், உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்புகிறவர் போல, தணிந்த குரலில் கேட்டார்: "பின்ன ஏன் கடைசி வரைக்கும் பெட்டி மேல இருந்து கையை எடுக்கவே இல்ல?" பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "புழுக்கமாக இருந்தது" என்றேன். அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் நடைக்கூடம் கேட்டதில்லை, முதல்வர் அறைக் கதவு திறந்து மூடியது. "எல்லா வீட்லயும் பெட்டியப் பிடிச்சு அழுதிருக்காங்க மேடம். காத்து வாங்குன ஆளு நீங்க ஒருத்தர்தான்." நானும் சிரித்துவிட்டேன், அதுதான் வினை. மாணவிகள் பார்க்க, வகுப்பு மணி அடிக்க, கையில் கண்ணாடியோடு நின்று சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் போயிருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் பழக்கம்தான் எங்களுக்குள் வந்த முதல் சண்டை. காபிக் கடையில் பேசிக்கொண்டே இருப்பார், திரும்பினால் நாற்காலி காலியாக இருக்கும். தொலைபேசியில் வாக்கியம் முடியும், அதற்குப் பின் ஓசையற்ற வெறுமை. இது என்ன மரியாதை, ஒரு மனுஷியைவிட்டுப் போகிறவன் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். வெகுநேரம் காபி டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் போற வீட்ல எதுலயும் அதச் சொல்ல முடியாதுல்லா. நான் வாரேன்னு சொன்னா யாருக்கு நல்லது? அப்படியே பழகிப் போச்சு. எங்க அம்மாகிட்டயே சொல்லுறதில்ல." அன்றைக்கு இரக்கம் வரவில்லை, எனக்கு இரக்கம் எளிதில் வருவதுமில்லை. ஒரு தெளிவு வந்தது: இந்த மனிதர் தம் சொல்லின் எடையை அறிந்தவர். அத்தகையவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனால் இப்போது, இந்த ஜன்னலில், அதே தெளிவு கத்தியாகத் திரும்புகிறது. இன்று அவர் இந்த வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்ன செய்வார்? சொல்லாமல் எழுந்து போவார். அம்மா முறுக்குத் தட்டோடு விறைத்து நிற்பாள், ஏனென்றால் சொல்லாமல் போவது எந்த வீட்டில் என்று அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், இந்த வீட்டை அவர் அந்த வீடாக ஆக்கிவிட்டுப் போவார். சரி, நான் முன்கூட்டியே சொல்லி வைத்து, அவர் வாய்திறந்து போய்வருகிறேன் என்று சொன்னால்? ஃப்ரீசர் பெட்டிக்காரர் என் அப்பாவின் முகத்தைப் பார்த்து வருகிறேன் என்கிறார். எதற்கு வருவார்? எதைக் கொண்டு வருவார்? சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றை என் மூளை தேடுகிறது, கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு அறிவியல் மன்றத்தில் மூடநம்பிக்கை பற்றி நான் ஆற்றிய உரையைத் துணைவேந்தர் எழுந்து நின்று பாராட்டினார். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று பொருள் என்றேன், அரங்கு கைதட்டியது. அந்தப் பெண்மணி இப்போது எங்கே போனாள்? ஒரு வண்டி நின்றால் சாவு வருமென்று நடுங்கிக்கொண்டு நிற்பவள் யார்? தொலைபேசியை எடுத்து, தெருமுனையிலேயே நிறுத்துங்கள் என்று சொல்லிவிடலாம். எடுக்கிறேன். விரல் அவர் பெயருக்குமேல் நிற்கிறது. சொன்னால் அவர் சரிங்க டீச்சர் என்பார், ஒரு குறையும் காட்டமாட்டார், வேப்பமரத்தடியிலிருந்து தலை குனிந்து நடந்து வருவார். பிறகு வாழ்நாள் முழுக்க நான் போகும் இடத்துக்கெல்லாம் அவர் தெருமுனையிலேயே இறங்கி நடந்து வருவார். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பயம் இருக்கட்டும். பயத்துக்காக ஒரு மனிதரை நடக்கவைக்க மாட்டேன்.

வண்டியின் சத்தம். எனக்குத் தெரியும், டீசல் இருமல். அது திரும்புகிறது, வெள்ளை தெரிகிறது, குத்துவிளக்கு தெரிகிறது, எதிர்வீட்டு மதில்மேல் இருந்த காகம்கூட எழுந்து போகிறது. நின்றுவிட்டது. எங்கள் வாசலில், கோலத்தின்மேல் பாதிச் சக்கரம். இந்த நேரத்தில்தானா குறட்டை நிற்க வேண்டும்? நின்றிருக்கிறது. நீளமாக ஒன்று போயிற்று, இடைவெளி, இடைவெளி, இரண்டு குட்டை வரவில்லை. நான் உள்ளே ஓட நினைக்கிறேன். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்து பகவதி அத்தை தலையை விரித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறாள், வண்டியை ஒரு பார்வை, எங்கள் வீட்டை ஒரு பார்வை, வாயிலிருந்து பெரிய குரல்: "ஐயோ அண்ணாச்சி! நேத்துக்கூட எங்கிட்டக் கறிவேப்பிலை கேட்டியளே! மதினியத் தனியா விட்டுட்டுப் போயிட்டியளே!" தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்கின்றன. பூதலிங்கம் ஒரு கையில் பழத்தட்டோடு, ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலுமாக, கல்லாய் நிற்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டுக்குள், எனக்குப் பின்னாலிருந்து, வாசற்கதவின் தாழ்ப்பாள் விழும் ஓசை. "ஏன் பகவதி இப்படிக் கத்துத? மனுசன் மதியம் கொஞ்சம் கண்ணசர முடியலியே" என்றது அப்பாவின் குரல். கண்ணைத் திறந்தேன். பனியனும் வேட்டியுமாக வாசற்படியில் நிற்கிறார். பகவதி அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. "அண்ணாச்சி, அப்ப யாரு?" "யாரும் இல்ல. முடியக் கட்டிக்கிட்டு உள்ள வா, மதினி காபி போடுதா. அழுத தொண்டைக்கு இதமா இருக்கும்." அவள் வரவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். அப்பா வண்டியை மேலிருந்து கீழ்வரை படித்தார். உதடு அசைய, இரவு பகல் எந்நேரமும் என்பதுவரை படித்தார். "வாங்க தம்பி. ஐஸ்கிரீம்னுல்லா நெனச்சேன்" என்றார்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நாணத்தால் அல்ல, விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால். அப்பா கேட்கத் தொடங்கினார், நான் ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய நெஞ்சைப் பார்த்தேன், பனியனுக்குள் அது ஏறி இறங்குகிறதா என்று. "கரண்ட் போச்சுன்னா என்ன செய்வீங்க?" "மூடிய திறக்காம இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும் ஐயா. அதுக்குள்ள ஜெனரேட்டர் வந்திரும்." "பயமா இருக்காதோ?" பூதலிங்கம் பொய் சொல்லவில்லை. "இருக்கும் ஐயா. ஒவ்வொரு வீட்லயும் ப்ளக்கைச் சொருகுறப்ப கை நடுங்கும். மிஷின் ஓடலைன்னா, அழுதுக்கிட்டு இருக்கிறவங்ககிட்டப் போய் என்ன சொல்ல?" அப்பா நெடுநேரம் தலையசைத்தார். "கொடியக் காட்டுறப்ப எனக்கும் அப்படித்தான். ஏறுனவன் ஏறிட்டானா, கால் மாட்டிக்கிட்டானா. கடைசிப் பெட்டியிலயே காலத்தக் கழிச்சவன் நான்." "வாயக் கழுவுங்க" என்றாள் அம்மா. "ரயிலச் சொன்னேன் தாயி" என்றார் அப்பா. முறுக்கு ஒடியும் ஓசை கேட்டது. பூதலிங்கம் சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேனா, தெரியவில்லை. "பெட்டியோடதான் வரணும்னு இருந்துச்சாக்கும்?" என்று அப்பா கேட்டார். "பைக் மக்கர் பண்ணிருச்சு ஐயா. முக்குலயே விட்டுட்டு வாரேன்னுதான் சொன்னேன். டீச்சர்தான் வாசல்ல நிறுத்தச் சொன்னாங்க." அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இப்போதும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். கோபம் இல்லை. பாதி தூரம் கடந்த பிறகு திரும்பிப் பார்த்து, தண்டவாளம் சரியாகத்தான் இருக்கிறது என்று கண்டுகொள்கிறவரின் பார்வை.

பிறகு பூதலிங்கம் எழுந்தார். இதற்காகத்தானே இந்த மதியம் முழுவதும் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எழுந்தவர் துண்டைச் சரிசெய்தார், அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார், அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார், வாய் ஒருமுறை திறந்தது, மூடிக்கொண்டது, தலையைத் தாழ்த்தியபடி வாசலை நோக்கித் திரும்பினார். அம்மாவின் கையில் தட்டு விறைத்தது. "தம்பி" என்றார் அப்பா. "சொல்லிக்கிடாமப் போறீங்க?" பூதலிங்கம் திரும்பவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "எங்க வாயில அந்த வார்த்தை நல்லா இருக்காது ஐயா." அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார், நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றார். "நல்லாத்தான் இருக்கும். சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு: அடுத்த தடவ வரும்போது வெறுங்கையோட வாங்க." அம்மாதான் முதலில் சிரித்தாள், தட்டிலிருந்து முறுக்கு ஒன்று உருண்டு விழுந்தது. பூதலிங்கம் திரும்பினார். அவர் கண்கள் என்னைத் தேடின, அந்த முகத்தில் நானறிந்த சிரிப்பு ஒரு துளியும் இல்லை, ப்ளக்கைச் சொருகும்போது இருக்குமென்று சொன்னாரே, அந்தப் பயம் மட்டும் இருந்தது. "போயிட்டு வாரேன்" என்றார். முதன்முதலாகப் பேசக் கற்றவர்போலச் சொன்னார். வண்டி இருமிக் கிளம்பியது. அப்பா வாசலில் நின்று, அது தெருமுனை திரும்பும்வரை, பழைய பழக்கத்தில் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். கோலத்தின் பாதியைச் சக்கரம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அம்மா முறுக்கைப் பொறுக்கினாள், அப்பா மறுபடி படுத்தார், சற்றைக்கெல்லாம் நீளமாக ஒன்று, இடைவெளி, இரண்டு குட்டை. நான் ஜன்னலில்தான் நிற்கிறேன். குறட்டையைத்தான் கேட்டுக்கொண்டு நிற்பதாக நினைத்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நெடுநேரமாக என் காதில்தான் விழவில்லை. தெருமுனையில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் என் உள்ளங்கை ஈரமாகிறது. வாரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், வராமல் இருந்துவிடுவாரோ?